எழுபது வயதைத் தாண்டியவருக்கு மணிக்கட்டு முறிந்தால் பிளேட் வைத்தே ஆக வேண்டுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 72. குளியலறையில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. முதலில் பார்த்த மருத்துவர் எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். ஒரு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்த இன்னொரு மருத்துவர், எலும்பு மறுபடியும் சரிந்துவிட்டது, பிளேட் (திருகாணிகளால் எலும்பில் பொருத்தும் உலோகத் தகடு) வைத்தால்தான் கை பழையபடி வரும் என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எலும்பு சரிந்திருப்பது உண்மை. அதை நேராக்கி நிறுத்தப் பிளேட்டைவிட நல்ல வழி இல்லை என்பதும் உண்மை. ஆனால் எக்ஸ்ரேயில் எலும்பு நேராக இருப்பதும், ஓராண்டு கழித்து அந்தக் கை நன்றாக வேலை செய்வதும் ஒன்றல்ல. இளம் வயதினருக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். 65 வயதைத் தாண்டியவர்களிடம் அந்தத் தொடர்பு மிகவும் தளர்ந்துபோகிறது. அதனால் ‘பிளேட் வைத்தால்தான்’ என்ற உறுதியான பேச்சுக்கு இந்த வயதினரிடம் நடந்த ஆய்வுகள் துணை நிற்பதில்லை. அறுவை சிகிச்சை யாருக்குக் கட்டாயம், யாருக்கு விருப்பம், யாருக்குத் தேவையற்றது என்பதை எலும்பின் படத்தையும் அந்த மனிதரின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில், இந்த எலும்பு ஏன் நேராக்கியும் சரிகிறது என்பதைப் பார்ப்போம். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடுவது ஆரை எலும்பு; சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. உள்ளங்கையை ஊன்றி விழும்போது உடலின் எடை முழுவதும் ஆரை எலும்பின் கீழ்முனையில் இறங்குகிறது. அந்த இடத்தில் வெளிச்சுவர் மெல்லியது. உள்ளே நுண்துளைகள் நிறைந்த மென்மையான எலும்பு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த உள்ளெலும்பு வேகமாகக் கரைகிறது. ஆகவே முறியும்போது புறங்கைப் பக்கச் சுவர் வெறுமனே உடைவதில்லை, நொறுங்கி உள்ளுக்குள் நசுங்கிவிடுகிறது. மருத்துவர் இழுத்து நேராக்கியதும் எலும்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் நசுங்கிய இடத்தில் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் வெற்றிடம் மிஞ்சுகிறது. மாவுக்கட்டு வெளியிலிருந்துதான் அணைத்துப் பிடிக்க முடியும், அந்த வெற்றிடத்தை நிரப்ப அதனால் ஆகாது. எனவே முதல் இரண்டு மூன்று வாரங்களில் எலும்பு சிறிது குட்டையாகி, புறங்கைப் பக்கம் சாய்வது வயதானவர்களிடம் மிகச் சாதாரணம். கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை என்று அவரைக் குறைசொல்ல அதில் இடமில்லை.

டப்ளின் நகர அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலெஸ் 1814இல் இந்த முறிவை விவரித்தபோது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை; அதற்கு இன்னும் எண்பது ஆண்டுகள் இருந்தன. கோணல் வாழ்நாள் முழுதும் இருந்தாலும், கை காலப்போக்கில் வலியின்றி நன்றாகவே அசையும் என்று அவர் எழுதினார். இளைஞர்களைப் பொறுத்தவரை அந்தக் கூற்று பிற்பாடு மறுக்கப்பட்டது, அது நியாயமும்கூட. முதியவர்களைப் பொறுத்தவரை இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த ஆய்வுகள் அவர் சொன்னதற்கு வியக்கத்தக்க அளவு அருகே வந்து நிற்கின்றன.

இப்போது எல்லா ஊர்களிலும் வைக்கப்படும் பிளேட் 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மயாமியில் ஹோர்ஹே ஓர்பாய் என்ற கை அறுவை மருத்துவர் முன்னெடுத்த முறையிலிருந்து வந்தது. அதற்கு முன்பு பிளேட்டைப் புறங்கைப் பக்கம் வைப்பார்கள். விரல்களை நீட்டும் தசைநாண்கள் நேராக அதன்மேல் உரசித் தேய்ந்தன. புதிய முறையில் பிளேட் உள்ளங்கைப் பக்கம் வைக்கப்படுகிறது. அதன் ஓட்டைகளிலும் திருகாணிகளின் தலையிலும் மரை இருப்பதால் திருகாணி பிளேட்டிலேயே இறுகிப் பூட்டிக்கொள்கிறது. பழைய திருகாணிகள் எலும்பைக் கவ்விப் பிடித்தால்தான் நிற்கும். இவையோ மூட்டுப் பரப்புக்குச் சற்றுக் கீழே வரிசையாக நின்று அதைத் தாங்குகின்றன. எலும்பு மெலிந்த முதியவர்களுக்கும் பிளேட் வைக்க முடியும் என்ற நிலை இதனால்தான் வந்தது. வைக்க முடியும் என்பது, சில ஆண்டுகளிலேயே, வைக்க வேண்டும் என்பதாக மாறிவிட்டது. சோதித்துப் பார்த்த ஆய்வுகள் அதற்குப் பிறகே வந்தன.

அந்த ஆய்வுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் 65 வயதுக்கு மேற்பட்ட 73 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பிளேட்டும் மற்றவர்களுக்கு மாவுக்கட்டும் கொடுத்து, முடிவுகளை 2011இல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதங்களில் பிளேட் வைத்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஓராண்டு முடிவில் அசைவிலும் வலியிலும் அன்றாட வேலைகளிலும் வேறுபாடு இல்லை. கையின் பிடிபலம் மட்டும் பிளேட் வைத்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது, சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதல். அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் 24 மருத்துவமனைகளில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2020இல் வெளியான பெரிய ஆய்விலும், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2021இல் வெளியான ஆய்விலும் ஓராண்டு முடிவில் நோயாளிகள் தாமே சொன்ன மதிப்பீட்டில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இவற்றையெல்லாம் வைத்து, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை நீண்டகாலப் பலனைக் கூட்டுவதில்லை என்று அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அழுத்தமாகவே சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சுவீடனில் 70 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நன்கு விலகிய முறிவுகளுக்குப் பிளேட் வைத்தவர்கள் மூன்று மாதத்திலும் ஓராண்டிலும் மாவுக்கட்டுப் பிரிவினரைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். 70 வயதாகியும் சுறுசுறுப்பாகத் தன் வேலைகள் அனைத்தையும் தானே செய்துகொள்ளும் ஒருவரிடம் ‘வயதாகிவிட்டது, கட்டே போதும்’ என்று சொல்லி அனுப்புவதும் தவறு என்பதற்கு இந்த ஆய்வு சான்று. பிறந்த ஆண்டைக் காட்டிலும் அந்தக் கை என்ன வேலைகளைச் செய்துகொண்டிருந்தது என்பதுதான் இங்கே கணக்கு.

ஆகவே பிளேட் என்ன தருகிறது என்று கேட்டால், முதல் மூன்று மாதங்களைத் தருகிறது என்பேன். இரண்டு வாரத்தில் மணிக்கட்டை அசைக்கலாம். ஐந்து ஆறு வாரம் கட்டோடு இருக்க வேண்டியதில்லை. தலை வாரவும், சேலை கட்டவும், தானே சாப்பிடவும் சீக்கிரம் முடிகிறது. தனியாக வாழ்கிற ஒரு பாட்டிக்கோ, படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டிய ஒரு பெண்மணிக்கோ இந்த மூன்று மாதம் சிறிய விஷயமே அல்ல. மகள், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று உதவிக்கு ஆள் இருக்கும் வீட்டில் அதே மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. பிளேட் தர முடியாதது, ஓராண்டு கழித்து நிச்சயமாக மேலான ஒரு கை என்ற உத்தரவாதம்.

அறுவையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அதன் சிக்கல்களும் எளிதில் புரியும். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கழுத்தெலும்பை ஒட்டியோ அக்குளிலோ நரம்புக் கற்றையைச் சுற்றி மருந்து செலுத்திக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம். இதய நோயும் சர்க்கரையும் உள்ள முதியவர்களுக்கு இது பெரிய நன்மை. மணிக்கட்டின் உள்பக்கம், கட்டைவிரல் பக்கமாக ஏறத்தாழ ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் கீறி, தசைநாண்களை ஒதுக்கி, எலும்பின்மேல் போர்த்தியிருக்கும் சதுரமான சிறு தசையை விலக்கினால் முறிவு கண்ணுக்குத் தெரியும். எலும்பை நேராக்கி, தற்காலிகமாக மெல்லிய கம்பியால் நிறுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே பிளேட்டைப் பொருத்துவார்கள். கைதேர்ந்த மருத்துவர் இரண்டு இடங்களில் மிகுந்த கவனம் வைப்பார். பிளேட்டின் முன்விளிம்பு எலும்பின் மேட்டைத் தாண்டி மூட்டுப் பக்கம் துருத்தக் கூடாது; திருகாணியின் முனை புறங்கைப் பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே நீட்டக் கூடாது.

ஏனென்றால் கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அந்த முன்விளிம்பின்மேல்தான் ஓடுகிறது. விளிம்பு துருத்தியிருந்தால் ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் தசைநாண் அதில் தேய்ந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒருநாள் அறுந்துவிடும். அதற்கு முன்பே மணிக்கட்டில் நறநறவென்ற உணர்வும், கட்டைவிரலை மடக்கும்போது வலியும் எச்சரிக்கையாக வரும். அப்போதே போய்க் காட்டினால் பிளேட்டை எடுத்துவிட்டுத் தசைநாணைக் காப்பாற்றலாம். எலும்பு கூடி எத்தனை ஆண்டு ஆனாலும் இந்த அறிகுறியை அலட்சியம் செய்யக் கூடாது. புறங்கைப் பக்கம் நீட்டிய திருகாணி விரல்களை நீட்டும் தசைநாண்களுக்கு இதே கேட்டைச் செய்யும். இவை தவிர நரம்பு அழுத்தம், கிருமித்தொற்று, விரல் இறுக்கம் ஆகியவையும் உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குத் தொற்றும் இறுக்கமும் அதிகம். ஆகவே கத்தி வைப்பதற்கு முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்ப்பது வெறும் சம்பிரதாயமல்ல.

பிளேட்டுக்கு மாற்றாக, தோல் வழியே இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செருகி, மேலே மாவுக்கட்டுப் போடும் முறையும் இருக்கிறது. செலவு குறைவு, நேரமும் குறைவு. பிரிட்டனில் 461 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் கம்பிக்கும் பிளேட்டுக்கும் ஓராண்டு முடிவில் வேறுபாடு இல்லை. ஆனால் அதே நாட்டில் 500 பேரிடம் நடந்து 2022இல் வெளியான அடுத்த ஆய்வில், இழுத்து நேராக்கி மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களின் முடிவும் கம்பி வைத்தவர்களின் முடிவுக்கு ஈடாகவே இருந்தது. கட்டு மட்டும் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு எலும்பு விலகி, முதல் ஆறு வாரத்துக்குள் அறுவை தேவைப்பட்டது. மிக மெலிந்த எலும்பில் கம்பி பிடிமானமின்றித் தளர்ந்துவிடும் என்பதால் எண்பதைத் தாண்டியவர்களுக்கு நான் அதை எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். எலும்பு தூள்தூளாக நொறுங்கியிருந்தால், முன்கை எலும்பிலிருந்து மூட்டைத் தாண்டி உள்ளங்கை எலும்பு வரை ஒரு நீண்ட பிளேட்டைப் பாலமாக வைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து எடுத்துவிடுவார்கள்.

யாருக்கு அறுவை கட்டாயம் என்பதில் பெரிய விவாதம் கிடையாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் உடனே அறுவை செய்ய வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போதல் மணிக்கு மணி கூடிக்கொண்டே போனால், நரம்பு நசுங்குகிறது என்று பொருள். எலும்பை நேராக்கிக் கட்டைத் தளர்த்தியும் அது குறையாவிட்டால் காத்திருக்கக் கூடாது. முறிந்த துண்டு புறங்கைப் பக்கம் போகாமல் உள்ளங்கைப் பக்கம் சரிந்திருந்தால், குறிப்பாக அதனுடன் மணிக்கட்டின் சிற்றெலும்புகளும் சேர்ந்து நழுவியிருந்தால், மாவுக்கட்டு அதைப் பிடித்து நிறுத்துவது அரிது. அங்கே பிளேட் வைப்பதே முறை. இரண்டு கைகளும் முறிந்தவர்களுக்கும், வாக்கரை ஊன்றித்தான் நடக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் பிளேட் பெரும் உதவி, ஏனெனில் அவர்கள் கையை ஊன்ற முடியாத நாளெல்லாம் நடையையும் இழக்கிறார்கள்.

உங்கள் அம்மாவின் முறிவு, நீங்கள் சொன்னதிலிருந்து, புறங்கைப் பக்கம் சரிந்த சாதாரண வகை என்றே தோன்றுகிறது. மருத்துவரிடம் போகும்போது மூன்று அளவுகளைக் கேளுங்கள். எலும்பு எத்தனை மில்லிமீட்டர் குட்டையாகியிருக்கிறது; மூட்டுப் பரப்பு இயல்பாக உள்ளங்கைப் பக்கம் பத்துப் பதினொரு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், அது இப்போது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது; மூட்டுப் பரப்பிலேயே முறிவு போயிருந்தால் அதில் படிபோல ஏற்றத்தாழ்வு எவ்வளவு இருக்கிறது. மூன்று மில்லிமீட்டருக்கு மேல் குட்டை, புறங்கைப் பக்கம் பத்து டிகிரிக்கு மேல் சாய்வு, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் படி என்பவை நடுத்தர வயதினருக்கு அறுவையை யோசிக்க வைக்கும் எல்லைகள். முதியவர்களுக்கு இவற்றைச் சற்றுத் தளர்த்தியே பார்க்கிறோம். எனினும் ஆரை எலும்பு ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் குட்டையானால் அல்னா துருத்திக்கொண்டு, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும்போது சுண்டுவிரல் பக்கம் வலி தரும் வாய்ப்பு கூடுகிறது. கையேந்தித் தண்ணீர் வாங்குவதும் உள்ளங்கையில் சோற்றை வைத்துப் பிசைந்து ஊட்டுவதும் அந்த அசைவுதான்.

அதன்பிறகு அம்மாவிடமே கேளுங்கள். விழுவதற்கு முன்தினம் வரை அந்தக் கை என்னென்ன செய்தது? இடியாப்ப அச்சைப் பிழிந்ததா, ஈரத்துணியை முறுக்கிக் காயப்போட்டதா, தரையிலிருந்து எழுந்திருக்க உள்ளங்கையை ஊன்றியதா, பேருந்தின் கம்பியைப் பிடித்து ஏறியதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்றால், சரிவும் அதிகமாக இருந்தால், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், பிளேட் வைத்துக்கொள்வது நியாயமான தேர்வு. பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்து, கனமான வேலைகளைப் பிறர் பார்த்துக்கொள்ளும் நிலை என்றால், கோணலான மணிக்கட்டைப் பார்த்து மனம் சங்கடப்படுவதைத் தவிர அவருக்குப் பெரிய இழப்பு நேராது. மாவுக்கட்டைத் தேர்ந்தெடுத்தால் கதவு சாத்தப்பட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். எலும்பு கோணலாகக் கூடி உண்மையிலேயே தொல்லை கொடுத்தால், பிற்பாடு எலும்பை வெட்டி நேராக்கவும், துருத்திய அல்னாவைக் குறைக்கவும் அறுவைகள் இருக்கின்றன. அவை முதல் அறுவையைவிடக் கடினமானவைதான், ஆனால் முதியவர்களில் அவை தேவைப்படுவோர் சிலரே. பிளேட் வைப்பது என்று முடிவானால் மட்டும் நாள் கடத்தக் கூடாது. விழுந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் செய்வது நல்லது, அதன்பின் எலும்பு கூடத் தொடங்கிவிடும்.

கட்டோடு இருப்பதென்றால் கவனம் கட்டின்மேல் மட்டும் இருந்தால் போதாது, விரல்களின்மேலும் இருக்க வேண்டும். வளையல், மோதிரம் எதையும் அந்தக் கையில் விட்டுவைக்கக் கூடாது. வீங்கிய விரலில் கல்யாண மோதிரம் சிக்கிக்கொண்டால் வெட்டி எடுக்கத் தயங்காதீர்கள். கையை இதய மட்டத்துக்கு மேல் தலையணையில் உயர்த்தி வைக்க வேண்டும். விரல்களை முழுதாக மடக்கி முழுதாக நீட்டும் பயிற்சியும் தோளைத் தூக்கும் பயிற்சியும் முதல் நாளிலிருந்தே, மணிக்கொரு முறை நடக்க வேண்டும். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு கை உதவாமல் போன முதியவர்களைப் பார்த்தால், எலும்பு கோணியதால் அப்படி ஆனவர்களைவிட, பயந்துபோய் விரலை அசைக்காமல் வைத்திருந்து இறுகிப்போனவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. கட்டு இறுக்கமாகி விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, இரவென்றும் பாராமல் போய்ப் பிரித்துவிட வேண்டும். விலகாத முறிவில்கூட, சில வாரங்கள் கழித்துக் கட்டைவிரலைத் தூக்கும் தசைநாண் தானாகவே அறுவதுண்டு; கட்டு பிரித்த பிறகு உள்ளங்கையை மேசைமேல் பதித்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள், தூக்க முடியாவிட்டால் உடனே காட்டுங்கள்.

சொந்தக்காரர்கள் யாராவது புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகலாம் என்பார்கள். எலும்பு எப்படியும் கூடிவிடும் என்பது உண்மை. இந்த இடத்து எலும்பு கூடாமல் போவது மிக அரிது. ஆனால் நரம்பு நசுங்குகிறதா, துண்டு எந்தப் பக்கம் நழுவியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயும் பரிசோதனையும் இல்லாமல் அறிய முடியாது. அறுவை தேவைப்படும் அந்தச் சிலருக்குப் பொன்னான இரண்டு வாரம் அங்கே கழிந்துவிடும். என் அக்கறை அதில்தான்.

இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும், இதை இரண்டு மருத்துவருமே உங்களிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது என்பதே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய், இருக்கிறது என்பதற்கான முதல் சைகை. இப்படி ஒருமுறை முறிந்தவருக்குப் பின்னாளில் இடுப்பெலும்பு முறியும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இடுப்பெலும்பு முறிவு உயிரையும் பறிக்கக் கூடியது, மணிக்கட்டு முறிவு அப்படியல்ல. பிளேட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அம்மாவுக்கு டெக்சா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகிய பரிசோதனைகளும் தேவை. நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை என்றாலும் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. குறைபாட்டைச் சரிசெய்த பிறகு, வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கு ஒருமுறை இரத்தக்குழாயில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமோ, அவருடைய சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். மாத்திரையாக இருந்தால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். இந்த மருந்துகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று சிலர் ஒத்திப்போடுவதுண்டு. மணிக்கட்டு முறிவில் அப்படித் தாமதம் தென்படவில்லை. கட்டு பிரிக்கப் போகும் நாளிலேயே இதைக் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுந்து நிற்கும்போது தலைசுற்றலைத் தருகின்றனவா, கண்ணில் புரை இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள்.